சாக்குப்பையின் சரித்திரமும் நம்ம தறிகளின் எதிர்காலமும்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி அதிகம் இருக்கிறவங்க சாயங்காலமா வந்து படிங்க. மத்தவங்க ஒரு டீயை எடுத்து வச்சுக்கிட்டு ஆரம்பிக்கலாம் :-)

கொஞ்ச நாளாவே ஜவுளித் தொழில் சம்பந்தமா எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், எந்தப் பேப்பரைத் திறந்தாலும் 'டெக்னிகல் டெக்ஸ்டைல்' என்ற வார்த்தை வந்து விழுது. எதிர்காலமே இதில்தான் இருக்கு, பனியனும் காடாவும் ஓட்டினது போதும், இதுக்கு மாறுங்கன்னு மேடையில் சொல்றாங்க. கேட்கிறவங்க தலையை ஆட்டிட்டு, டீயும் போண்டாவும் சாப்பிட்டுட்டு, வீட்டுக்கு வந்து பழையபடி காடாவே ஓட்டறாங்க. ஏன் அப்படி? இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாளா உண்டு. பதில் தேடிப் போனா, அது என்னை 1830களின் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டது.

முதல்ல, டெக்னிகல் டெக்ஸ்டைல்னா என்ன? ரொம்ப சிம்பிள். அழகுக்காக இல்லாம, ஒரு வேலைக்காகச் செய்யப்படற துணி. சட்டை, வேட்டி, சேலை இதில் வராது. மீன் வலை வரும். டயருக்குள்ளே இருக்கிற நைலான் நூல் வரும். சீட் பெல்ட், காயத்துக்குக் கட்டுப் போடற காஜ் துணி, தீயணைப்பு வீரரோட கோட்டு, ரோட்டுக்கு அடியில் விரிக்கிற துணி, பாராசூட் எல்லாம் வரும். ஜெர்மனியில் ஜவுளிக் கண்காட்சி நடத்தற மெஸ்ஸே ஃபிராங்க்ஃபர்ட் நிறுவனம் இதை 12 வகையாப் பிரிச்சு வச்சிருக்கு. விவசாயத்துக்கு அக்ரோடெக், மருத்துவத்துக்கு மெடிடெக், மண் வேலைக்கு ஜியோடெக், மூட்டை கட்ட பேக்டெக் என்று போகும் அந்தப் பட்டியல். ஆமாங்க, ரேஷன் கடையில் பார்க்கிற சாக்குப்பையும் டெக்னிகல் டெக்ஸ்டைல்தான்.

இதைப் புதுத் தொழில் என்று சொல்றாங்க பாருங்க, அதுதான் எனக்கு இடிக்குது. சுமார் 100 வருஷத்துக்கு முன்னாடி, ஒரு டெக்னிகல் டெக்ஸ்டைலில் உலகத்துக்கே முதலிடத்தில் இருந்தது இந்தியாதான். அப்புறம் என்ன ஆச்சு? அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போறோம்.

திமிங்கில எண்ணெய்

ஆங்கிலத்தில் 'கன்னி பேக்' என்று சொல்றாங்களே, அது நம்ம 'கோணி'யிலிருந்து போன சொல். வங்காளத்து வீடுகளில் சணலைக் கையாலேயே நூற்று, கைத்தறியில் கோணி நெய்துக்கிட்டிருந்தாங்க. கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சணல் சாம்பிளைப் பிரிட்டனுக்கு அனுப்பிச்சு. ஆனா அங்கே மெஷினில் போட்டா நார் படபடவென்று உடைஞ்சு போச்சு. சணல் ரொம்ப வறட்டு நார். ஆளிச் செடி நாரை (லினன் துணி வருமே, அது) நூற்கிற மெஷினுக்கு அது ஒத்து வரலை.

விடை கிடைச்ச ஊர் டண்டீ. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிற துறைமுகம். அங்கே ரெண்டு தொழில். ஒண்ணு லினன் நெசவு, இன்னொண்ணு திமிங்கில வேட்டை. சணல் நாரில் திமிங்கில எண்ணெயையும் தண்ணியையும் தெளிச்சு ஊற வச்சா, நார் இளகி மெஷினுக்கு வளைஞ்சு கொடுக்குது என்று 1830களில் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு தொழிலும் ஒரே ஊரில் இருந்ததால் நடந்த கூத்து இது.

அதுக்கப்புறம் எல்லாம் யுத்தங்களின் புண்ணியம். 1838ல் டச்சு அரசாங்கம் தன் கிழக்கிந்தியத் தீவுகளின் காப்பிக்கொட்டைக்குச் சணல் பை ஆர்டர் கொடுத்தது. 1854ல் கிரிமியப் போர் வந்து ரஷ்யாவின் ஆளிநார் வரத்து நின்னது. 1861ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்து பருத்தி நின்னது. ரெண்டு தடவையும் அந்த இடத்தைச் சணல் பிடிச்சுது. டண்டீயில் காக்ஸ் சகோதரர்களின் கேம்பர்டவுன் ஆலையில் மட்டும் சுமார் 5,000 பேர் வேலை பார்த்தாங்க. மூட்டை மட்டும் இல்லை. தரையில் ஒட்டற லினோலியத்துக்குப் பின்புறத் துணி, கம்பளத்துக்கு அடித்துணி, கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்குத் தார் பூசின சணல் உறை, இப்படி எங்கே பார்த்தாலும் சணல்.

ஹூக்ளிக் கரை

விளையறது வங்காளத்தில், நெய்யறது ஸ்காட்லாந்தில் என்கிற ஏற்பாடு ரொம்ப நாள் நிலைக்கலை. 1855ல் ஜார்ஜ் ஆக்லண்ட் என்பவர் கல்கத்தாவுக்கு வடக்கே ரிஷ்ராவில் முதல் சணல் நூற்பாலையைத் தொடங்கினார். 1859ல் விசைத்தறி வந்துருச்சு. மெஷின் டண்டீயிலிருந்து, மேஸ்திரியும் மேனேஜரும் டண்டீயிலிருந்து, கூலிக்காரங்க பீகார், ஒரிசா, உத்தரப்பிரதேசத்திலிருந்து. 1900 வாக்கில் கல்கத்தா டண்டீயைத் தாண்டிடுச்சு. தாங்கள் வளர்த்த பிள்ளை தங்களையே தின்னுதே என்று டண்டீ முதலாளிகள் லண்டனில் போய் முறையிட்ட கதையும் உண்டு.

1914ல் முதல் உலகப் போர். பதுங்கு குழிக்கு மணல் மூட்டை வேணும், கோடிக்கணக்கில் வேணும். கல்கத்தா ஆலைகள் சம்பாதிச்ச லாபத்துக்குக் கணக்கே இல்லை. அதே சமயம் ஜெர்மனி மார்க்கெட் மூடினதால் பச்சைச் சணலின் விலை விழுந்துச்சு, விவசாயி தலையில் துண்டு. மூட்டை விலை ஏறுது, சணல் விலை இறங்குது. இந்தத் தொழிலோட ஜாதகமே அன்னைக்கு எழுதப்பட்டிருச்சுன்னு எனக்குத் தோணும். போருக்குப் பிறகு 1919ல் பிர்லா உள்ளே வந்தார், அப்புறம் மார்வாரி முதலாளிகள் மெல்ல மெல்ல ஆலைகளைக் கைக்குக் கொண்டு வந்தாங்க.

ஆலைகள் 1884லேயே சங்கம் வச்சுட்டாங்க. அந்தச் சங்கம் முக்கியமா என்ன செஞ்சுது தெரியுமா? விலை விழும்போதெல்லாம் எல்லா ஆலையும் சேர்ந்து வேலை நேரத்தைக் குறைச்சுக்கும். உற்பத்தியைக் குறைச்சு விலையைத் தூக்கிப் பிடிக்கிற டெக்னிக். புதுசா ஒரு துணியைக் கண்டுபிடிக்கணும் என்கிற அவசரம் அவங்களுக்கு வரவே இல்லை. வர வேண்டிய தேவையும் இல்லை, ஏன்னா உலகத்தில் வேற யாருமே கிடையாது.

ஒரே ஒரு தடவை அந்த அவசரம் வந்துச்சு. அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாராஜூட்

1944. பர்மாக் காட்டில் ஜப்பானை எதிர்த்துப் பிரிட்டிஷ் இந்தியாவின் 14ஆவது ராணுவம். தளபதி ஜெனரல் ஸ்லிம். ரோடு கிடையாது, ரயில் கிடையாது. சோறு, தண்ணி, தோட்டா எல்லாமே விமானத்திலிருந்து பாராசூட்டில்தான் இறங்கணும். பாராசூட்டோ பட்டிலும் நைலானிலும் செய்யறது, கிடைக்கிறது அபூர்வம். ஐரோப்பியப் போர்முனைக்குத்தான் முன்னுரிமை. பர்மாவை யார் கண்டுக்கிறாங்க?

ஸ்லிம் நேரா கல்கத்தா சணல் ஆலை ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினார். சணலில் பாராசூட் செய்ய முடியுமா? முறைப்படி டெண்டர் விட நேரம் இல்லை, பணம் எப்ப வரும்னும் தெரியாது என்று சொல்லித்தான் கேட்டிருக்கார். பத்து நாளில் சோதனை ஆரம்பிச்சுட்டாங்க. சீக்கிரமே 'பாராஜூட்' தயார். துணியும் சணல், கயிறும் சணல்.

இதில் இருக்கிற தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் கவனிங்க. பாராசூட்டுக்குள்ளே அடைபடற காத்து எங்கேயாவது வெளியேறணும், இல்லைன்னா குடை தாறுமாறா ஆடும். சாதாரண பாராசூட்டில் இதுக்காக உச்சியில் ஒரு ஓட்டை இருக்கும். பாராஜூட்டில் அது இல்லை. நெசவையே சரியான இடைவெளியில் நெருக்கமாவும் இல்லாம கலகலப்பாவும் இல்லாம அமைச்சு, துணி வழியாவே தேவையான அளவு காத்து கசியற மாதிரி செஞ்சுட்டாங்க. டெக்னிகல் டெக்ஸ்டைல்னா இதுதான். இழையின் எண்ணிக்கையும் இடைவெளியும் ஒரு வேலையைச் செய்யுது. மனுஷன் குதிக்க அது லாயக்கில்லை, ஆனா சரக்கு இறக்க நல்ல பாராசூட்டில் 85 சதவீதம் அளவுக்கு நம்பகம். விலை? வழக்கமான பாராசூட் 20 பவுண்டுக்கு மேல், பாராஜூட் ஒரு பவுண்டுக்குச் சொச்சம்.

இவ்வளவும் செஞ்ச ஸ்லிமுக்கு மேலிடத்திலிருந்து கிடைச்ச பரிசு, 'முறையான வழியில் கொள்முதல் செய்யலை' என்று ஒரு செம டோஸ். பர்மாப் போர் பற்றி அவர் 1956ல் எழுதின புத்தகத்தில் இதை அவரே கிண்டலாச் சொல்லியிருக்கார். அரசாங்கம்னா எந்தக் காலத்திலும் அரசாங்கம்தான்!

ஒண்ணையும் மறக்கக் கூடாது. இதுக்கு முந்தின வருஷம்தான், 1943ல், அதே வங்காளத்தில் பஞ்சம் வந்து 20 முதல் 30 லட்சம் பேர் செத்தாங்க. சணலை விளைவிச்ச சனங்களும் அதில் உண்டு. பாராஜூட் கதையைப் பெருமையாச் சொல்லும்போது இதையும் பக்கத்தில் வச்சுத்தான் சொல்லணும்.

கோடு போட்ட கதை

1947ல் ராட்கிளிஃப் போட்ட கோடு சணல் தொழிலை நடுவில் அறுத்தது. 100க்கும் மேற்பட்ட ஆலைகள் மொத்தமும் ஹூக்ளிக் கரையில், அதாவது இந்தியாவில். சணல் விளையற நிலத்தில் முக்கால்வாசி கிழக்கு வங்காளத்தில், அதாவது பாகிஸ்தானில். அங்கே ஒரு ஆலைகூடக் கிடையாது. இங்கே ஆலை இருக்கு சணல் இல்லை, அங்கே சணல் இருக்கு ஆலை இல்லை.

1949ல் பவுண்டோடு சேர்த்து இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைச்சது, பாகிஸ்தான் குறைக்கலை. வர்த்தகம் அப்படியே நின்னு போச்சு. இந்தியா மேற்கு வங்காளம், அசாம், பீகார் வயல்களில் நெல்லுக்குப் பதிலாச் சணலை விதைக்கச் சொல்லிச்சு. பாகிஸ்தான் 1951ல் நாராயண்கஞ்சில் ஆதம்ஜி சணல் ஆலையைத் தொடங்கிச்சு. பிறகு உலகத்திலேயே பெரிய சணல் ஆலையாச்சு அது. சணல் கொண்டுவந்த அன்னியச் செலாவணி மேற்குப் பாகிஸ்தானுக்கே போகுது என்கிற கோபம், பின்னாடி வங்கதேசம் பிறந்ததுக்கு ஒரு முக்கியக் காரணம். அந்த ஆதம்ஜி ஆலையும் 2002 ஜூனில் மூடப்பட்டது. 2020ல் வங்கதேச அரசு தன் கையில் இருந்த 25 சணல் ஆலைகளையும் மூடிட்டது.

மூடினது யாருன்னு கேட்டா, ஒரு இத்தாலியக்காரர்னு சொல்லலாம் :-) 1954ல் ஜூலியோ நட்டா என்கிற வேதியியலாளர் பாலிப்ரொப்பிலீனைச் சரியான வடிவில் உண்டாக்கிக் காட்டினார். 1960களில் அதை மெல்லிசான நாடாவாக் கீறி, தறியில் நெய்து சாக்கு செஞ்சாங்க. இன்னைக்கு நாம உர மூட்டை, சிமெண்ட் மூட்டைன்னு பார்க்கிறோமே, அதே வெள்ளைச் சாக்கு. கனம் கம்மி, விலை கம்மி, ஈரத்தில் மக்காது. சணலின் பெரிய மார்க்கெட்டான கம்பள அடித்துணியும் போச்சு.

இப்ப ரெண்டு ஊரும் என்ன செஞ்சதுன்னு பாருங்க.

டண்டீ பக்கத்துக் கம்பெனிகளில் சில, சணலை விட்டுட்டு அதே பாலிப்ரொப்பிலீனுக்கே மாறிட்டாங்க. 1903ல் டண்டீயில் சணல் கம்பெனியாப் பிறந்த லோ அண்ட் போனர், பின்னாளில் டெக்னிகல் டெக்ஸ்டைல் கம்பெனியாவே உருமாறி, 2020ல் ஜெர்மனியின் ஃபிராய்டன்பெர்க் குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. டண்டீயின் சணல் ஆலைகளில் ஒண்ணு இன்னைக்கு மியூசியம். நெசவாளிகளின் வேலை போச்சு, அது உண்மை. ஆனா துணியைப் பற்றின அறிவு அந்தப் பக்கம் தங்கிடுச்சு.

இந்தியா 1987ல் ஒரு சட்டம் போட்டது. சில பொருட்களைச் சணல் சாக்கில்தான் கட்டணும் என்கிற கட்டாயச் சட்டம். முதலில் சிமெண்ட், உரம்கூடப் பட்டியலில் இருந்தது. அப்புறம் குறைஞ்சு குறைஞ்சு உணவு தானியமும், சர்க்கரையில் 20 சதவீதமும் மட்டும் மிஞ்சிச்சு. சட்டம் தப்புன்னு நான் சொல்ல வரலை. சுமார் 40 லட்சம் விவசாயக் குடும்பங்களும் லட்சக்கணக்கான ஆலைத் தொழிலாளிகளும் இதை நம்பி இருக்காங்க. அது இல்லைன்னா என்னைக்கோ எல்லாம் தெருவுக்கு வந்திருக்கும். ஆனா அரசாங்கமே வருஷா வருஷம் ஒரே மாதிரி சாக்கை வாங்கிக்கும் என்று ஆனபிறகு, புதுசா எதையாவது நெய்யணும் என்று எந்த முதலாளிக்குத் தோணும்? பாராஜூட் செஞ்ச ஊர்தான் அது. கேட்க ஒரு ஸ்லிம் இல்லை, அவ்வளவுதான்.

மண்ணுக்கு ஒரு துணி

இதுக்கு நடுவில் உலகம் வேற பக்கம் போயிருச்சு. 1926லேயே அமெரிக்காவின் தென் கரோலினாவில் ரோடு போடும்போது கெட்டியான பருத்தித் துணியை விரிச்சு, மேலே தார் ஊத்திப் பார்த்தாங்க. பிளவும் பள்ளமும் குறைஞ்சுது. ஆனா பருத்தி மக்கிப் போயிடும். 1953ல் ஹாலந்தில் கடல் உள்ளே புகுந்து 1,836 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் அவங்க கடலைத் தடுக்கக் கட்டின டெல்டா திட்டத்தில் நைலான் துணியில் மணலை அடைச்சுப் போட்டாங்க. 1970ல் பிரான்ஸில் வால்க்ரோ அணைக்குள்ளே நெய்யாத துணியை வடிகட்டியா வச்சார் ழிரூ என்கிற எஞ்சினியர். அவரே 1977ல் பாரிஸ் மாநாட்டில் 'ஜியோடெக்ஸ்டைல்' என்கிற பேரையும் வச்சார்.

இந்தத் துணியோட வேலை என்னன்னா, தண்ணியை விடும், மண்ணை விடாது. ரோட்டுக்கு அடியில் களிமண் மேலே வந்து ஜல்லியோடு கலக்காம தடுக்கும். நம்ம ஊரு ரோடு ஒரு மழைக்கே பல்லை இளிக்குதே, அதுக்கு ஒரு காரணம் அந்த மண்ணும் ஜல்லியும் கலக்கறதுதான். (மத்த காரணங்கள் உங்களுக்கே தெரியும்!)

சணலுக்கு இங்கே இன்னொரு வாய்ப்பு கிடைச்சுது. மக்கிப் போகுதுன்னு ஒதுக்கினாங்களே, சில இடத்தில் அது மக்கத்தான் வேணும். மலைச்சரிவில் மண் சரியாம இருக்க வலை மாதிரி விரிக்கிறோம். ரெண்டு மழைக்காலத்தில் புல் வேர் பிடிச்சுடும், அப்புறம் துணி தேவையில்லை. மக்கி உரமாகட்டும். கொஞ்சம் அதிக நாள் நிக்கணுமா, தேங்காய் நார் இருக்கு. அதில் லிக்னின் என்கிற கெட்டிப் பொருள் 40 சதவீதத்துக்கு மேல், சணலில் பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான். அதனால் தேங்காய் நார் சணலைவிடப் பல மடங்கு நாள் தாங்கும். ஆங்கிலத்தில் 'காயர்' என்கிறதே நம்ம 'கயிறு'தான். 1859லேயே ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கிட்டார். நம்ம பொள்ளாச்சிப் பக்கமும் இன்னைக்கு நார் மில்கள் ஏராளம்.

2020ல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ஏழு மாநிலங்களில் 1,674 கிலோமீட்டருக்குத் தேங்காய் நார் விரிப்பு போடுவோம்னு அறிவிச்சாங்க. அதில் தமிழ்நாட்டுக்கு 369 கிலோமீட்டர். எனக்கு இதில் பிடிச்ச விஷயம், மானியத்தைவிட இந்திய சாலை காங்கிரஸ் இந்தத் துணியை ஏத்துக்கிட்டதுதான். எஞ்சினியர் எஸ்டிமேட்டில் ஒரு பொருள் எழுதப்படணும்னா அது விதிப் புத்தகத்தில் இருக்கணும். இல்லைன்னா ஆடிட்டில் கேள்வி வரும். யாரு வம்பை விலைக்கு வாங்குவா?

2020: ரெண்டு மாசப் பாடம்

2020 பிப்ரவரி 26ஆம் தேதி மத்திய அமைச்சரவை தேசிய டெக்னிகல் டெக்ஸ்டைல் இயக்கத்துக்கு 1,480 கோடி ரூபாய் ஒதுக்கிச்சு. வளர்ந்த நாடுகளில் இந்த வகைத் துணிகளின் பயன்பாடு 30 முதல் 70 சதவீதம்வரை, நம்ம நாட்டில் 5 முதல் 10 சதவீதம் என்று அரசு அப்ப சொன்ன கணக்கு. விதி பாருங்க, அடுத்த மாசமே பரீட்சை வந்துருச்சு.

மார்ச்சில் கொரோனா. டாக்டருக்கும் நர்ஸுக்கும் முழு உடம்பை மூடற கவச உடை வேணும். உலகத்துக்கே சட்டை தைக்கிற நாட்டில் அது கிட்டத்தட்ட தயாராகவே இல்லை! ஏன்னா அது தையல் வேலை மட்டும் இல்லை. சாதாரணத் துணியில் ஊடும் பாவும் சேர்ற இடத்தில் ஓட்டை இருக்கும், ரத்தம் கசியும். அதனால் நெய்யாத துணி மேலே மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டணும். ஒட்டியாச்சா? இப்ப தைச்சா ஊசி போற ஒவ்வொரு இடமும் ஓட்டை. அந்தத் தையல் மேலே சூடான காத்தால் ஒரு டேப்பை ஒட்டி அடைக்கணும். அந்த டேப்பும் தட்டுப்பாடு, ஒட்டற மெஷினும் தட்டுப்பாடு. கடைசியா, செயற்கை ரத்தத்தை அழுத்தி, ஊடுருவுதான்னு டெஸ்ட் பண்ணணும்.

அந்த டெஸ்டைச் செய்ய முதல் கட்டத்தில் நாட்டுக்கே இருந்த இடம் நம்ம கோயமுத்தூர் சிட்ரா. 1956ல் மில்களுக்காக ஆரம்பிச்ச ஆராய்ச்சிச் சங்கம். மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையம் அங்கே ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்ததால்தான் அது சாத்தியமாச்சு. நாடு பூராவும் இருந்து சாம்பிள் வந்து குவிஞ்சுது. அப்புறம் குவாலியரில் இருக்கிற பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம், ராணுவத் தளவாட ஆலைகளின் கூடங்கள் எல்லாம் சேர்ந்துக்கிச்சு. மே மாசத்துக்குள் ஒரு நாளைக்கு 4.5 லட்சம் கவச உடை. சீனாவுக்கு அடுத்தபடி உலகத்தில் ரெண்டாவது. திருப்பூரில் பனியன் தைச்ச கைகளும் அதில் உண்டு.

பாராஜூட்டுக்குப் பத்து நாள், கவச உடைக்கு ரெண்டு மாசம். நமக்குத் திறமை இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. ரெண்டு தடவையும் நடந்தது ஒண்ணேதான். 'இன்ன வேலை செய்யற துணி வேணும், இத்தனை வேணும், நான் வாங்கிக்கிறேன்' என்று ஒரு ஆள் வந்து சொன்னான். ரெண்டு தடவையும் அது அவசர காலம். அவசரம் முடிஞ்சதும் அந்த ஆள் போயிட்டான். கவச உடைத் தேவை குறைஞ்சதும் நிறையப் பேர் பழையபடி பனியனுக்கே திரும்பிட்டாங்க.

சரி, என்னதான் செய்யணும்?

என் சிற்றறிவுக்கு எட்டினது மூணு.

முதல்ல, தொடர்ந்து வாங்கற ஆள். ரயில்வே, நெடுஞ்சாலை, ராணுவம், ஆஸ்பத்திரி எல்லாம் அரசாங்கம் கையில்தான் இருக்கு. ஆனா 1987 சட்டம் மாதிரி 'இந்த நாரில்தான் வாங்குவேன்' என்று சொல்லக் கூடாது. 'இத்தனை கனம் தாங்கணும், இத்தனை வருஷம் நிக்கணும்' என்று வேலையைச் சொல்லிக் கேட்கணும். அப்பத்தான் போட்டி போட்டுப் புதுசு வரும்.

ரெண்டாவது, அளவும் தரமும். 2019 ஜனவரியில்தான் 207 சுங்கக் குறியீடுகளை 'இதெல்லாம் டெக்னிகல் டெக்ஸ்டைல்' என்று அரசு பட்டியல் போட்டது. அதுக்கு முன்னாடி எவ்வளவு ஏற்றுமதி, எவ்வளவு இறக்குமதி என்று சரியா எண்ணவே வழியில்லை. எண்ணாத ஒண்ணை எப்படி வளர்க்கிறது? 2023ல் 19 ஜியோடெக்ஸ்டைலுக்கும் 12 பாதுகாப்புத் துணிக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நல்ல விஷயம். ஆனா பத்துத் தறி வச்சிருக்கிறவருக்கு டெஸ்ட் ஃபீஸே பெரிய செலவு. சிட்ரா மாதிரி கூடம் எட்டற தூரத்தில், கட்டுப்படியாகிற விலையில் இருக்கணும்.

மூணாவது, மூலப்பொருள். குண்டு துளைக்காத அராமிட் நார், கார்பன் நார் போன்றவை இன்னும் பெரும்பாலும் இறக்குமதிதான். நூல் வெளியே, மெஷின் வெளியே, கூலி மட்டும் நமக்கு என்றால் அது 1900த்துக் கல்கத்தாவை அப்படியே தலைகீழாத் திருப்பி வச்ச மாதிரி. மணலியில் 1974லேயே டயருக்கான நைலான் நூல் செய்யற ஆலையை எஸ்ஆர்எஃப் தொடங்கிட்டாங்க. பக்கத்திலேயே டயர் கம்பெனிகள் வாங்க இருந்ததால் அது நின்னுச்சு. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் காஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. அது பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை, ஆனா ஒரு ஊரே பிழைக்குது. மானியம் கொடுத்து மெஷின் வாங்க வைக்கிறதைவிட, இந்த மாதிரி ஊர்களை அடுத்த படிக்கு ஏத்திவிடறது சுலபம் இல்லையா?

எங்க பக்கம் தறியை எடைக்குப் போட்டு இரும்புக் கடைக்கு ஏத்தறதைப் பார்க்கிறேன். அப்படி ஏத்தினவர் யாரும் சோம்பேறி இல்லை, புதுசைக் கண்டு பயந்தவரும் இல்லை. மேடையில் 'மாறுங்க' என்று சொன்னவர்கள், எதுக்கு மாறணும், யாரு வாங்குவாங்க என்று சொல்லாமலே இறங்கிப் போயிட்டாங்க, அவ்வளவுதான். சாமானியத் தறிக்காரன் தலையை ஆட்டிட்டு வந்து காடாவே ஓட்டினதுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியலை.

வங்கதேசத்துக்காரங்க இன்னும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரலை. 2010ல் மக்சூதுல் ஆலம் தலைமையில் சணலின் மரபணு வரிசையையே படிச்சுட்டாங்க. முபாரக் அகமது கான் என்கிற விஞ்ஞானி சணலிலிருந்து பிளாஸ்டிக் மாதிரியே இருக்கிற, ஆனா மக்கிப் போகிற 'சோனாலி பை'யைச் செஞ்சு காட்டினார். பிளாஸ்டிக்கிடம் தோத்த சணல், பிளாஸ்டிக்கின் இடத்துக்கே திரும்ப வரப் பார்க்குது. ஜெயிக்குமான்னு கேட்டா, பழைய பதில்தான்: யாராவது பெரிய அளவில் வாங்கினா ஜெயிக்கும்.

உங்க ஊரில் வலை, கயிறு, தார்ப்பாய், காஜ், கூடாரத் துணின்னு ஏதாவது நெய்யறாங்களா? எப்படிப் போகுது தொழில்? பின்னூட்டத்தில் எழுதுங்க. நாலு ஊர்த் தகவல் சேர்ந்தா இன்னொரு பதிவு போட்டுறலாம்.